காபியும் மூளைக்கு ரத்தத்தக் குறைக்குது, தூக்க மாத்திரையும் குறைக்குது, அப்ப என்னதான் வித்தியாசம்?

காபி குடிச்சா மூளைக்குப் போற ரத்தம் குறையும்.

இத காரைக்குடியில காலையில எவன்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, "உனக்கு இன்னும் காபி வரல போல, அதான் உளர்ற"ன்னுதான் பதில் வரும். ஏன்னா நம்ம எல்லார் மனசுலயும் இருக்கற கணக்கு நேர் எதிரா இருக்கு, காபி உள்ள போனா மூளைக்கு ரத்தம் ஜிவ்வுன்னு ஏறுது, அதனால முழிப்பு வருது, தூக்க மாத்திரை போட்டா ரத்தம் இறங்கிருது, அதனால தூக்கம் வருது. ரெண்டாவது பாதி ஓரளவு சரி. மொதப் பாதி தலைகீழ்.

இத இப்ப ஏன் எழுதறேன்னா, கடைக்கு வழக்கமா வர்ற ஒரு ஆச்சி (நான் இங்க மெடிக்கல் வச்சிருக்கேன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்) போனை நீட்டி ஒரு ஃபார்வர்டு காட்டினாக. ரெண்டு மூளைப் படம். ஒண்ணு செவப்பும் மஞ்சளுமா ஜொலிக்குது, இன்னொண்ணு நீலமாக் கெடக்கு, அங்கங்க ஓட்டை விழுந்த மாதிரி. கீழ, தூக்க மாத்திரை போட்டா உங்க மூளைக்கு ரத்தம் நின்னு இப்படித்தான் ஆகும், உடனே நிறுத்துங்கள், பத்து பேருக்கு அனுப்புங்கள். "நான் நேத்தோட நிறுத்திட்டேன் தம்பி"ங்கறாக. எத? வருஷக்கணக்கா ராத்திரி போட்டுக்கிட்டிருக்கற குளோனாசெபாமை. எனக்கு திக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா அந்த வகை மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டவங்க ஒரே நாள்ல நிறுத்தினா கை நடுக்கம், படபடப்பு, தூக்கமே இல்லாம போறது மட்டுமில்ல, வலிப்பே வரலாம். அவுக மகனுக்குப் போன் போட்டு, டாக்டர்ட்ட பேச வச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கறதுன்னு முடிவாச்சு. ஆச்சிக்கு என்மேல இன்னும் முழு நம்பிக்கை இல்ல, "நீ மாத்திரை விக்கறவன், நீ அப்படித்தான் சொல்லுவ"ன்னு சிரிச்சுக்கிட்டே போனாக. நியாயமான சந்தேகந்தான்.

ஃபார்வர்டுல இருக்கறது முழுப் பொய்யில்ல, அதான் சிக்கல். டயசெபாம், மிடாசோலாம் மாதிரி தூக்க மருந்து கொடுத்தா மூளைக்குப் போற ரத்தம் குறையத்தான் செய்யுது, அளந்து பாத்திருக்காங்க. ஆனா காபிக்கும் குறையுது! 200, 250 மில்லிகிராம் கஃபீன், அதாவது நல்ல டிகாக்ஷன் காபி ரெண்டு மூணு டம்ளர், அதுக்கே 20 சதவீதத்துக்கு மேல ரத்த ஓட்டம் குறையறத ஸ்கேன்ல பாத்திருக்காங்க, 30 சதவீதம் வரைக்கும் போறதும் உண்டு. அப்ப காபிக்கும் ஒரு நீல மூளைப் படம் போட்டு பத்து பேருக்கு அனுப்பலாமே, ஏன் யாரும் அனுப்பல? எல்லாரும் அத குடிச்சுக்கிட்டே ஃபார்வர்டு பண்றதாலயா இருக்கும்.

சரி, அடிப்படைக்கு வருவோம். மூளை நம்ம உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஒண்ணரைக் கிலோ கூட வராது, ஆனா சும்மா உக்காந்திருக்கும்போது இதயம் தள்ளுற ரத்தத்துல 15 சதவீதம் அதுக்குப் போகுது, ஆக்சிஜன்ல 20 சதவீதம். நிமிஷத்துக்கு 700, 750 மில்லி ரத்தம். கழுத்துல முன்னாடி ரெண்டு, பின்னாடி முதுகெலும்ப ஒட்டி ரெண்டு, ஆக நாலு குழாய் வழியா இது ஏறுது. மூளைகிட்ட சேமிப்புன்னு ஒண்ணுமே கெடையாது, ரத்தம் முழுசா நின்னா பத்து செகண்டுக்குள்ள நெனப்பு தப்பிரும்.

இந்த ஓட்டம் மாறுதுங்கறத மொதமொதல்ல நல்லா கவனிச்சு எழுதினவர்ல ஒருத்தர் இத்தாலிக்காரர் ஆஞ்சலோ மோசோ, 1880கள் பக்கம். பெர்டினோன்னு ஒரு விவசாயி, தலையில அடிபட்டு மண்டையோட்டுல ஒரு எடத்துல எலும்பு இல்லாம தோல் மட்டும் மூடியிருக்கு, உள்ள மூளை துடிக்கறது வெளிய தெரியுது. மோசோ அதுமேல ஒரு கருவிய வச்சு துடிப்ப வரைஞ்சுக்கிட்டே இருக்காரு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு சர்ச் மணி அடிச்சதும் அந்தத் துடிப்பு பெருசாகுது. இப்ப நீ மனசுக்குள்ள ஜெபம் சொல்லியிருக்கணுமேன்னு கேக்கறாரு, கேட்டதும் திரும்பவும் பெருசாகுது. ஆள் கை கால அசைக்கல, நெனப்பு மட்டுந்தான், அதுக்கே ரத்தம் மாறுது. எனக்கு இந்தக் கதைய எத்தன தடவ படிச்சாலும் அலுக்காது. அப்புறம் 1890ல ராய், ஷெரிங்டன்னு ரெண்டு பேரு, மூளையில எந்தப் பகுதி வேலை செய்யுதோ அங்க உண்டாகற கழிவுப் பொருளே அங்கத்து ரத்தக் குழாய விரிச்சு தனக்கு வேண்டிய ரத்தத்த வரவழைச்சுக்குதுன்னு சொன்னாங்க. இன்னைக்கும் அடிப்படை அதுதான், மேல ஏகப்பட்ட விவரம் சேந்திருக்கு அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், ஆளு முழிச்சு உக்காந்து கணக்குப் போட்டா மூளைக்குப் போற மொத்த ரத்தம் கூடுமான்னு 1950கள்லயே பாத்துட்டாங்க. மொத்தத்துல பெருசா ஒண்ணும் கூடல. கணக்குப் போடற எடத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். அதனால "மூளைக்கு ரத்த ஓட்டத்தை அதிகரிக்கும்"னு டப்பா மேல போட்டு விக்கற எதையும் (என் கடையிலயும் இருக்கு, கேக்கறாங்க, வச்சிருக்கேன்) பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும். கூடினா என்ன? கூடினா புத்தி வளருமா?

ஆக ரத்தம் கூடுச்சா குறைஞ்சுச்சாங்கற ஒத்த நம்பர வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது, மூளை எவ்வளவு கேட்டுச்சு, எவ்வளவு கெடச்சுச்சு, அந்த ரெண்டையும் சேத்துப் பாக்கணும். நம்ம கானாடுகாத்தான் பக்கம் வீதி வீதியா பூட்டிக் கெடக்குற பெரிய வீடுகள நெனச்சுக்கங்க. முன்வாசல்ல இருந்து பின்வாசலுக்கு இன்னொரு தெருவே வந்துரும், உள்ள காவக்காரர் ஒருத்தர்தான் இருக்காரு, அந்த வீட்டுக்கு தண்ணி செலவு கம்மி. ஏன்? ஆளில்ல, கேக்க ஆளில்ல. தூக்க மாத்திரை, மயக்க மருந்து பெரும்பாலும் இந்த மாதிரி, நரம்பு செல்லுங்க வேலையக் குறைச்சுக்குது, ஆக்சிஜன் கம்மியா கேக்குது, ரத்தமும் அதுக்கேத்த மாதிரி கம்மியா வருது, பற்றாக்குறைன்னு ஒண்ணும் இல்ல. இப்ப அதே வீட்டுல கல்யாணம், மலேசியா சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் பங்காளிங்க வந்து எறங்கியாச்சு, வளவு நெறைய ஆளு, அந்த நேரம் பாத்து எவனோ மெயின் வால்வ கொஞ்சம் திருகி வச்சுட்டான். காபி அதுதான். வேலை குறையல, சொல்லப்போனா செல்லுங்க இன்னும் சுறுசுறுப்பாதான் இருக்கு, ஆனா குழாய் சுருங்கியிருக்கு. மீட்டர்ல ரெண்டுமே "தண்ணி குறைவு"ன்னுதான் காட்டும்.

காபி ஏன் இப்படி ரெண்டு வேலையும் ஒண்ணா செய்யுதுங்கறதுதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. செல்லு வேலை செய்ய ஏடிபின்னு ஒரு எரிபொருள் செலவாகுது, அது ஒடைய ஒடைய அடினோசின்னு ஒண்ணு மிச்சமாச் சேருது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில இந்த அடினோசின் கூடிக்கிட்டே வரும். அது ஒரு பக்கம் நரம்பு செல்லு மேல போய் ஒக்காந்து "போதும்டா படு"ன்னு சொல்லுது, அதான் தூக்கச் சொக்கு. இன்னொரு பக்கம் ரத்தக் குழாய் மேல போய் ஒக்காந்து அத விரிக்குது. கஃபீன் உருவத்துல அடினோசின் சாயல்ல இருக்கறதால அது ஒக்கார வேண்டிய எடத்துல எல்லாம் முன்னாடியே போய் துண்டு போட்டு வச்சிருது, ஆனா ஒரு வேலையும் செய்யறதில்ல. அடினோசினுக்கு எடமில்ல. நரம்புப் பக்கம் "படு"ங்கற உத்தரவு போய்ச் சேரல, முழிப்பு. குழாய்ப் பக்கம் "விரி"ங்கற உத்தரவு போய்ச் சேரல, சுருக்கம். ஒரே செயல், ரெண்டு எடத்துல ரெண்டு பலன்.

இதனால காபி கெடுதல்னு அர்த்தமா? ஆரோக்கியமான ஆளுக்கு இல்லவே இல்ல. மூளை வர்ற ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன முழுசா எடுத்துக்கறதில்ல, பாதிக்கும் கம்மியாதான் உறிஞ்சிக்குது, ரத்தம் கொஞ்சம் குறைஞ்சா கூடக் கொஞ்சம் இழுத்து எடுத்துக்கும். அளவா காபி குடிக்கறவங்களுக்குப் பக்கவாதம் கூடுதலா வருதுன்னும் இல்ல. குறைமாசத்துல பொறந்த கொழந்தைக்கு மூச்சு விட்டு விட்டு நிக்கும் பாருங்க, அதுக்கு மருந்தே கஃபீன்தான், கொழந்தைங்க ஐசியூல சொட்டு சொட்டா கொடுக்கறாங்க. ஆச்சிகிட்ட இதச் சொன்னப்ப "பச்ச மண்ணுக்குக் காபியா!"ன்னு அவுக போட்ட சத்தத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு.

ஆனா தெனம் குடிக்கறவங்க உடம்பு சும்மா இருக்காது. நீ வாசல அடைச்சா நான் கூட ரெண்டு வாசல் வைக்கறேன்னு அடினோசின் ஒக்கார்ற எடத்த அதிகப்படுத்திக்கும். அப்புறம் ஒருநாள் காபிய நிறுத்தினா, அவ்வளவு எடத்துலயும் அடினோசின் வந்து ஏறிக்கும், குழாய் எல்லாம் வழக்கத்த விட விரியும், ரத்தம் திமுதிமுன்னு ஏறும், மண்டை வெடிக்கும். 12லருந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, ரெண்டாவது நாள் பக்கம் உச்சத்துக்குப் போய், ரெண்டு நாள்லருந்து ஒம்பது நாள் வரைக்கும் கூட இழுக்கும். தெனம் 100 மில்லிகிராம், அதாவது ஒரு டம்ளர்காரருக்கே இது வரலாம். இதுல வேடிக்கை என்னன்னா, தலைவலில துடிக்கற அந்த நேரத்துல மூளைக்கு ரத்தம் எக்கச்சக்கமா போய்க்கிட்டிருக்கு, ஆனா மனுஷன் மந்தமா, எரிச்சலா, ஒரு வேலை ஓடாம ஒக்காந்திருப்பாரு. ரத்தம் கூடுனா சுறுசுறுப்புங்கற கணக்கு இங்கயே ஒடஞ்சிருது.

நம்ம பக்கம் இத வருஷா வருஷம் பாக்கலாம். கார்த்திகை சோமவாரம், வைகுண்ட ஏகாதசி, பச்சத்தண்ணி பல்லுல படாம இருப்பேன்னு இருக்கறவுக இன்னும் நெறைய. அன்னைக்குச் சாயந்தரம் என் கடையில தலைவலி மாத்திரை விக்கறது கூடும், "பட்டினி தலைவலி தம்பி, பித்தம் ஏறிருச்சு"ம்பாக. பட்டினிக்கும் தலை வலிக்கும், இல்லைங்கல, தண்ணி குடிக்காததுக்கும் வலிக்கும், ஆனா தெனம் காலையில எந்திரிச்சதும் ஒண்ணு, பத்தரைக்கு ஒண்ணு, மூணரைக்கு ஒண்ணுன்னு இருக்கறவுகளுக்கு அன்னைக்கு வர்றதுல பெரும்பங்கு காபி இல்லாத தலைவலிதான். விரதத்துக்கு மொத வாரமே அளவக் கொஞ்சங் கொஞ்சமா எறக்கிட்டு வந்தா அன்னைக்கு இவ்வளவு படுத்தாது. யாரும் கேக்கறதில்ல.

அப்புறம் தலைவலி மாத்திரைன்னு வாங்கறாங்களே, சாரிடான், அதுல பாராசிட்டமால் 250, புரோப்பிஃபெனசோன் 150, கூடவே கஃபீன் 50 மில்லிகிராம் இருக்கு. அதான் அது "கேக்குது". காபிக்கு ஏங்கற தலைக்குக் காபிய மாத்திரையாக் கொடுத்தா கேக்காம என்ன செய்யும். தப்பில்ல, எப்பயாவது போடலாம். ஆனா இப்படிக் கலவை மாத்திரைய மாசத்துல பத்து நாளு, அதுக்கு மேலன்னு தொடர்ந்து போட்டா, மாத்திரையே தலைவலிக்குக் காரணமாயிரும். போட்டா நிக்கும், நிறுத்தினா வரும், வந்தா போடணும். எனக்குத் தெரிஞ்சு பஜார்ல கணக்குப்பிள்ளை வேலை பாக்கற பாதிப் பேரு சட்டப்பைல ஒரு அட்டை இருக்கும்.

சரி காபி சாதுவான ஆளு. இனி முரட்டு ஊக்க மருந்துங்க. கோகெய்ன், ஆம்ஃபெட்டமின், மெத். இதுங்க செய்யறது ரெண்டு: நரம்ப வெரட்டி வேலை வாங்குது, அதே நேரம் நார்அட்ரினலின்னு ஒடம்ப உசுப்பிவிடற ரசாயனம் கூடி குழாய இறுக்குது, பிரஷரையும் ஏத்துது. கேக்கறது கூட, கெடைக்கறது கம்மி, குழாய் மேல இருக்கற அழுத்தமும் கூட. காபில கொஞ்சமா இருந்த அந்த இடைவெளி இங்க பள்ளமாயிருது. இருபது முப்பது வயசுப் பையனுக்குப் பக்கவாதம்னா டாக்டர் மொதல்ல சந்தேகப்படறதுல இதுவும் ஒண்ணு. இறுகிப் போன குழாய்ல அடைப்பும் வரலாம், இல்ல பிரஷர் தாங்காம வெடிச்சு மூளைக்குள்ள ரத்தக் கசிவும் வரலாம், ரெண்டு வகையும் பதிவாகியிருக்கு. 1988லயே கோகெய்ன் பழக்கத்துல இருந்தவங்க மூளையில திட்டுத் திட்டா ரத்தம் குறைஞ்சிருக்கறத நோரா வால்கோவ்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு ஸ்கேன்ல காட்டிருச்சு.

இதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்குன்னு நெனைக்காதீங்க, ஜலதோஷ மாத்திரையில இருந்த கதை தெரியுமா? ஃபீனைல்புரோப்பனோலமின்னு ஒரு சரக்கு, மூக்கடைப்புக்குப் போடற மாத்திரைங்கள்ல வருஷக்கணக்கா இருந்துச்சு, அமெரிக்காவுல பசியக் குறைக்க ஒடம்பு எளைக்கவும் வித்தாங்க. மூக்கடைப்பு எப்படிப் போகுது? மூக்குக்குள்ள ரத்தக் குழாயச் சுருக்கினா வீக்கம் வடியும். ஆனா மாத்திரைக்கு மூக்கு எது மூளை எதுன்னு தெரியாதே. யேல் பல்கலைக்கழகம் செஞ்ச ஆய்வுல, எளைக்கறதுக்காக இத எடுத்த பொம்பளைங்களுக்கு மூளை ரத்தக்கசிவு ஆபத்து கூடுறது தெரிஞ்சு, 2000ல அமெரிக்காவுல கடையில இருந்து எடுக்கச் சொன்னாங்க. இந்தியாவுல தடை வந்தது 2011ல. அந்தப் பத்து வருஷம் நம்ம மூக்கு மட்டும் என்ன இரும்புலயா பண்ணி வச்சிருந்துச்சுன்னு தெரியல. இப்ப இருக்கற ஜலதோஷ மாத்திரைங்கள்லயும் அதே குடும்பத்துச் சொந்தக்காரங்க இருக்காங்க, ஃபீனைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின், அதனால பிரஷர் இருக்கறவுக "ஒரு சளி மாத்திரை குடுப்பா"ன்னு மொட்டையாக் கேக்காம பிரஷர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கேளுங்க.

இப்ப அடுத்த பக்கம், அமைதிப்படுத்தற மருந்துங்க. குளோனாசெபாம், அல்பிரசோலாம், டயசெபாம் எல்லாம் ஒரே குடும்பம், மூளையில காபாங்கற பிரேக்க இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கறதுதான் வேலை. வேலை குறையுது, ரத்தம் குறையுது, நான் மேல சொன்ன மாதிரி. இதையே டாக்டருங்க சாமர்த்தியமாப் பயன்படுத்தறாங்க, தலையில அடிபட்டு மண்டைக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது, வேற எதுக்கும் மசியலன்னா, தயோபென்டோன் மாதிரி பார்பிட்யுரேட் கொடுத்து மூளைய ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டு போவாங்க. மின் அலையே தட்டையாற அளவுக்குக் கொண்டு போனாலும் மூளை எடுத்துக்கற ஆக்சிஜன் பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் குறையும், மீதி செல்லு உசிரோட இருக்கறதுக்கே வேணும், அதுக்குக் கீழ எந்த டோஸும் எறக்காது. ஆக்சிஜன் தேவை குறையறப்ப ரத்தமும் குறையும், மண்டையோட்டுக்குள்ள எடம் கெடைக்கும், அழுத்தம் எறங்கும். ஃபார்வர்டு பயமுறுத்தற அதே விஷயம், அங்க சிகிச்சை.

எல்லா மயக்க மருந்தும் இப்படி ஒழுங்காப் போகும்னும் இல்ல. கெட்டமின் ஆளப் படுக்க வச்சிரும், ஆனா மூளை ரத்தத்த ஏத்திவிடும். மூச்சு வழியா இழுக்கற மயக்க வாயுங்க இன்னும் விசித்திரம், மூளை வேலையக் குறைச்சுக்கிட்டே டோஸ் கூடும்போது குழாய விரிச்சும் விடுது. தூங்க வைக்கறதெல்லாம் ரத்தத்தக் குறைக்கும்னு பரீட்சையில எழுதினா மார்க் போயிரும்.

அப்புறம் அபின் வகையறா, மார்ஃபின் மாதிரி. நம்ம குருமாவுல அரைச்சு ஊத்தற கசகசா இருக்கே, அது அபின் செடியோட விதைதான், பால் வர்றது காய்ல இருந்து, விதையில போதை ஏத்தற அளவுக்கு ஒண்ணும் கெடையாது. ஆனாலும் சிங்கப்பூர்ல மக வீட்டுக்குப் போறேன்னு மசாலாப் பொட்டலத்தோட கசகசாவையும் கட்டிக்கிட்டுப் போயிராதீங்க, அங்க அது தடை செஞ்ச சரக்கு, வளைகுடா நாடுங்க சிலதுலயும் அப்படித்தான். விஷயத்துக்கு வரேன். மார்ஃபின் நேரா மூளைக் குழாய்ல பெருசா ஒண்ணும் செய்யாது, அது செய்யறது மூச்ச மெதுவாக்கறது. மூச்சு மெதுவானா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு தேங்கும், மூளைக் குழாய விரிக்கறதுல அத மிஞ்சின ஆள் இல்ல. அதோட அழுத்தம் 1 மில்லிமீட்டர் (பிரஷர் அளக்கற அதே பாதரசக் கணக்கு) ஏறினா மூளை ரத்தம் 3, 4 சதவீதம் ஏறும், வழக்கமான 40லருந்து 20க்கு எறங்கினா ரத்தம் பாதியாயிரும். அதான் படபடப்புல மூச்சு வாங்கறவங்களுக்குத் தலை சுத்துது. ஆக மார்ஃபின் ஓவர்டோஸ்ல கெடக்கறவரு மூளைக்கு ரத்தம் கூடப் போகுது, செவப்பு மஞ்சளா ஜொலிக்கற படம் வேணும்னா அங்க எடுக்கலாம், ஆனா அந்த ரத்தத்துல ஆக்சிஜன் இல்ல, ஆள் செத்துக்கிட்டிருக்காரு. தலையில அடிபட்டவருக்கு வலி மருந்து கேட்டா டாக்டர் யோசிக்கறதும் இந்தக் கணக்காலதான். சாராயம், தூக்க மாத்திரை, வலி மாத்திரை மூணும் மூச்ச ஒண்ணு மேல ஒண்ணா அமுக்கும், சேத்துப் போடவே கூடாது.

இவ்வளவு சொல்லியாச்சு, அப்ப தூக்க மாத்திரையால மூளை ரத்தத்துக்கு ஆபத்தே இல்லையான்னா, இருக்கு, ஆனா ஃபார்வர்டு சொல்ற எடத்துல இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கறப்ப இருக்கு. நம்ம வீடுங்க அமைப்பு தெரியும்ல, படுக்கறது வளவுல ஒரு அறை, கழிவறை ரெண்டு கட்டு தாண்டி பின்னாடி, எடையில ஒவ்வொரு கதவுக்கும் கால் தூக்கி வைக்கற நிலைப்படி, தரை ஆத்தங்குடிக் கல்லு, ஈரம் பட்டா வழுக்கும். எழுபத்தஞ்சு வயசு ஆச்சி, பிரஷர் மாத்திரை ஒண்ணு, தூக்க மாத்திரை ஒண்ணு போட்டுப் படுத்தவுக, மூத்திரம் முட்டி வெடுக்குன்னு எந்திரிக்கறாக. எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும், பிரஷர் விழும். சாதாரணமா பிரஷர் கொஞ்சம் ஏறினாலும் எறங்கினாலும் மூளை தன் குழாயச் சுருக்கி விரிச்சு ஓட்டத்த ஒரே மாதிரி வச்சுக்கும், சராசரி பிரஷர் 60லருந்து 150 வரைக்கும் சமாளிக்கும்னு புத்தகத்துல இருக்கும். ஆனா பல வருஷமா பிரஷர் இருக்கறவுகளுக்கு இந்த எல்லையே மேல தள்ளிப் போயிருக்கும், மத்தவுகளுக்குப் போதுமான பிரஷர் அவுகளுக்குப் பத்தாது, கண்ணு இருட்டும். கூடவே மாத்திரை மப்புல காலு நெதானமில்ல. நிலைப்படி தடுக்குது. இடுப்பெலும்பு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நடக்கறது எல்லாருக்கும் தெரியும்.

அதனால தூக்க மாத்திரைய வயசானவுகளுக்கு முடிஞ்ச வரைக்கும் குறைக்கணும்கறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. குறைக்கணும், டாக்டர்கிட்டப் பேசி, வாரக்கணக்குல, அறுத்துப் போடற மாதிரி இல்லாம. 2014லருந்து இந்த மாத்திரைங்கள்ல பலது ஹெச்1 பட்டியல்ல இருக்கு, சீட்டு இல்லாம கொடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுத்தேன், எந்த டாக்டர் எழுதினாரு, எத்தனன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். "நமக்குள்ள என்னண்ணே சீட்டு"ன்னு வர்றவங்ககிட்ட நான் கெட்ட பேரு வாங்கறது இதாலதான்.

சமீபத்துல வந்த இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலயே யோசனையக் கொடுத்துச்சு. ஆழ்ந்த தூக்கத்துல நார்அட்ரினலின் மெதுவா ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும், அதோட தாளத்துக்கு மூளைக் குழாய்ங்க சுருங்கி விரியும், அந்த அசைவுதான் மூளையச் சுத்தி இருக்கற நீரத் தள்ளி கழிவ அலசிக்கிட்டு போகுதுன்னு 2025ல சுண்டெலிங்கள்ல காட்டினாங்க. அந்த எலிங்களுக்கு சொல்பிடெம்ங்கற தூக்க மாத்திரை மருந்தக் கொடுத்தா சீக்கிரம் தூங்குது, ஆனா அந்த ஏத்த எறக்கம் மங்கிப் போகுது, அலசலும் குறையுது. எலிலதான் பாத்திருக்காங்க, மனுஷனுக்கு அப்படியேன்னு சொல்லிர முடியாது. ஆனா மாத்திரைத் தூக்கமும் தானா வர்ற தூக்கமும் ஒண்ணான்னு கேட்டா, மொத்த ரத்தம் எவ்வளவுங்கறத விட அது எப்படி அசையுதுங்கறதப் பாக்கணும்னு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ஃபார்வர்டு போடறவங்க இத எடுத்துப் போட்டிருந்தா நானே ரெண்டு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

அந்தப் படத்தப் பத்தியும் சொல்லிடறேன். ஸ்கேன்ல நெசமா வர்றது வெறும் எண்ணுங்க, எந்த எண்ணுக்கு எந்தக் கலர்னு கம்ப்யூட்டர்ல ஆளுதான் வைக்கறாரு. ஒரு அளவுக்குக் கீழ போனா கருப்புன்னு வச்சுட்டா, அங்க ஓட்டை மாதிரித் தெரியும். மூளையில ஓட்டை இல்ல, அங்க ரத்தம் பக்கத்து எடத்த விடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். அதே ஆளுக்கு ரெண்டு காபி கொடுத்து எடுத்தா படம் மாறும். மூளை ஸ்கேன் ஆராய்ச்சி செய்யறவங்க அதனாலதான் "இன்னைக்குக் காபி குடிச்சீங்களா"ன்னு மொதல்லயே கேட்டுக்கறாங்க.

கடைசியா, ஆபரேஷனுக்குப் போறவங்க அடிக்கடி கேக்கறது, காலையில ஒரு வாய் காபி குடிச்சுக்கலாமா? பால் சேத்த காபின்னா 6 மணி நேரம் முன்னாடி முடிஞ்சிருக்கணும், பால் சேக்காத கடுங்காப்பி தெளிஞ்ச தண்ணிக் கணக்குல வரும், 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் பெரும்பாலான மயக்க மருத்துவ வழிகாட்டுதல்ல அனுமதி இருக்கு. ஆனா சுகர் இருக்கறவுக, வயித்துக் கோளாறு இருக்கறவுக, மாசமா இருக்கறவுகளுக்குக் கணக்கு மாறலாம், உங்க மயக்க டாக்டர் என்ன சொன்னாரோ அதுதான் சட்டம். ஆபரேஷன் முடிஞ்சு சாயந்தரம் தலை வலிச்சா அது காபி இல்லாத வலியா இருக்கலாம், நர்ஸுகிட்டச் சொல்லுங்க. முந்தின நாள் டாக்டர் வந்து என்னென்ன சாப்பிடறீங்கன்னு கேப்பாரு, அப்ப தூக்க மாத்திரைய விடாமச் சொல்லணும், குடிப் பழக்கத்தையும் சொல்லணும், ரெண்டுக்கும் பழகின மூளைக்கு மயக்க மருந்து கூடத் தேவைப்படலாம், திடீர்னு நின்னா வார்டுல நடுக்கம் எடுக்கும். காபிக்கணக்க எல்லாரும் சொல்லிருவாங்க. பிராந்திக்கணக்கு மட்டும், மக்கமாரு பக்கத்துல நின்னா எந்தப் பெரிய மனுஷரு வாயில இருந்தும் வராது, அதனால டாக்டர் கேக்கறப்ப கொஞ்சம் வெளிய நின்னுக்கங்கப்பா.